வீட்டில் 3டி: கண்ணாடி இல்லாத டிவி வரும்வரை காத்திருக்கலாமா, பழையதையே வைத்துக்கொள்ளலாமா?

மஞ்சள்நகரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் 2012 தீபாவளிக்கு அப்பா வாங்கிய 42 அங்குல 3டி டிவி இன்னும் ஓடுகிறது. ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான், அதனால் அதன்மேல் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பாசம் உண்டு. கூடவே நான்கு கண்ணாடி கொடுத்தார்கள், சார்ஜ் போடத் தேவையில்லாத வகை, தியேட்டர் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்களே அதே மாதிரி. முதல் ஒரு வருடம் யார் வந்தாலும் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு மீன்தொட்டி வீடியோவைப் போட்டுக் காட்டுவார். அப்புறம் போடுவதற்குப் படம் கிடைக்கவில்லை, கண்ணாடிகள் டிராயருக்குள் போய்விட்டன.

போன மாதம் என் மகள் (எட்டு வயது) டிராயரைக் குடைந்து அவற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பழைய ப்ளூ-ரே ப்ளேயரைத் துடைத்து மாட்டி, கைவசம் இருந்த மூன்று 3டி டிஸ்க்கில் ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்தில் "அப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். சோபாவில் இருந்த எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. பேனல் வயதாகிவிட்டதா, கண்ணாடி கெட்டுவிட்டதா, இல்லை பிள்ளைக்குக் கண்ணில் ஏதாவதா என்று புரியவில்லை.

கடையில் விசாரித்தால் 3டி டிவி இப்போது யாரும் செய்வதே இல்லையாம். "இன்னும் ரெண்டு வருஷத்துல கண்ணாடி இல்லாமலே வரும் சார், காத்திருங்க" என்றார் அங்கிருந்த தம்பி. 27 அங்குல மானிட்டர் ஒன்று அப்படி வந்திருப்பதை யூடியூபிலும் பார்த்தேன். என் பட்ஜெட் ஒன்றரை லட்சம். வீட்டில் ஐந்து பேர், சேர்ந்து உட்கார்ந்துதான் படம் பார்ப்போம். காத்திருக்கலாமா, ப்ரொஜெக்டர் வாங்கலாமா, இந்த டிவியை என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்கற்றை:

வணக்கம் சார். கோவையில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதற்கு முன்னால் சில வருடம் தியேட்டர் ஆபரேட்டர். பணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் டிவி சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பாப்பா எங்கே உட்கார்ந்து பார்த்தாள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சார்ஜ் வேண்டாத கண்ணாடி என்பதால் உங்களுடையது போலரைஸ்டு வகை, அதாவது ஒளி அதிரும் விதத்தை வைத்து இரண்டு கண்ணுக்கும் படத்தைப் பிரிப்பது. திரையின் வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்று இடது கண்ணுக்கு, மற்றவை வலது கண்ணுக்கு. மொத்தம் 1,080 வரிசை என்றால் கண்ணுக்கு 540. இதைப் பிரித்து அனுப்புவது பேனலின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம், அதிலும் அதே மாதிரி கோடு கோடாக இருக்கும். ஆனால் ஒளி வரும் வரிசைக்கும் அந்த ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. நேராகப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையும் அதனதன் கோட்டுக்குப் பின்னால் சரியாக உட்காரும். கீழே இருந்தோ மேலே இருந்தோ சரிவாகப் பார்த்தால் பக்கத்து வரிசையின் ஒளி அடுத்த கோட்டின் வழியாகக் கசிந்து தவறான கண்ணுக்குப் போய்விடும், இரட்டை உருவமாகத் தெரியும். நம் வீடுகளில் டிவியை ஷோகேஸுக்கு மேலே ஐந்தடியில் மாட்டுகிறோம், பிள்ளைகள் முன்னால் தரையில் பாய் போட்டு உட்காருகிறார்கள். நான் பார்த்த "3டி கெட்டுப்போச்சு" புகார்களில் பாதி இதுதான்.

இப்படிச் செய்து பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாப்பா உட்கார்ந்த அதே இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். ஒரே கண்ணால் பார்க்கும்போதும் மங்கலாக இரண்டாவது உருவம் தெரிந்தால் தப்பு உட்காரும் இடத்திலோ டிவியிலோதான் இருக்கிறது. அப்புறம் சோபாவில் உட்கார்ந்தும் அதையே செய்யுங்கள்.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். 2009 டிசம்பரில் அவதார் வந்தது, 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எல்லா பெரிய கம்பெனியும் 3டி டிவியைக் கொண்டுவந்து நிறுத்தின. அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் அந்த வருட உலகக் கோப்பைக் கால்பந்தோடு தனி 3டி சேனலே தொடங்கியது, 2013-ல் மூடியது. பிபிசியும் 2013-ல் 3டி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. 2017 வாக்கில் எல்ஜியும் சோனியும் விட்டுவிட்டன, அத்தோடு அந்தக் கதை முடிந்தது. கண்ணாடிதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் வந்தது இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மறைக்கும், பேட்டரி போட்ட ஷட்டர் கண்ணாடி, ஒன்று 150 டாலர், ஒரு கம்பெனிக் கண்ணாடி இன்னொரு கம்பெனி டிவிக்கு ஆகாது. ஐந்து பேர் வீட்டில் டிவியோடு இரண்டு கண்ணாடி வந்தால் மற்ற மூன்று பேர் என்ன செய்வார்கள்? சேர்ந்து பார்ப்பதற்காக இருக்கும் ஒரு பொருளை, ஆள் கணக்குப் பார்த்து உட்காரும் பொருளாக மாற்றியதுதான் தப்பு. கண்ணாடி இல்லாத 3டி அந்தத் தப்பைச் சரி செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம், நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுதுகிறேன்.

விழித்திரை:

நான் திருநெல்வேலியில் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பார்வையைச் சோதிக்கும் வேலை. ஒளிக்கற்றை சார் சொன்ன ஒற்றைக்கண் சோதனை மிகச் சரியானது, நான் அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். சோபாவில் உட்கார வைத்து, குழந்தையின் இடது கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒற்றை உருவம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அதே மாதிரி வலது கண். இரண்டும் தனித்தனியாகத் தெளிவாக இருந்து, இரண்டு கண்ணையும் திறந்ததும் இரட்டையாகத் தெரிந்தால் டிவியை விட்டுவிட்டு ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம்.

சாதாரண டிவியில் ஒரு கண் சோம்பேறிக் கண்ணாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. குழந்தைக்கே தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படியே பார்த்துப் பழகியிருக்கும். 3டி மட்டும்தான் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் தெரியும் என்று அடம்பிடிக்கும். எங்கள் கிளினிக்கிலும் இதையேதான் செய்கிறோம். ஒரு பெரிய ஈயின் படம் இருக்கும், போலரைஸ்டு கண்ணாடியை மாட்டிவிட்டு "அதோட றெக்கையைப் பிடி பார்க்கலாம்" என்போம். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் குழந்தையின் விரல்கள் அட்டைக்கு மேலே காற்றிலேயே நின்றுவிடும், சில குழந்தைகள் பயந்து கையை இழுத்துக்கொள்ளும். ஆழம் தெரியாத குழந்தை நேராக அட்டையில் விரலை வைத்துத் தேய்க்கும். அந்த ஒரு நொடியில் எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். எட்டு வயதில் கண்டுபிடித்தால் செய்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

பெரியவர்களுக்கு வரும் தலைவலிக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கைவிரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இரண்டு கண்ணும் உள்ளே திரும்பும், கூடவே கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். இரண்டும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஜோடியாக நடக்கிற வேலை. 3டியில் பந்து உங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும், கண்கள் அதற்காக உள்ளே திரும்பும், ஆனால் வெளிச்சம் வருவதென்னவோ எட்டடி தள்ளி இருக்கிற திரையில் இருந்து, லென்ஸ் அங்கேயே இருந்தாக வேண்டும். இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். தள்ளி உட்கார்ந்தால் இழுபறி குறையும். அரை மணிக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

மஞ்சள்நகரத்தான்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே செய்து பார்த்தோம். டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து சரியாக ஐந்தடி மூன்று அங்குலம். பாய் போட்டிருந்தது டிவியில் இருந்து நாலடி தூரத்தில். அங்கே நான் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், திரையின் மேல் பாதியில் எல்லா உருவத்துக்கும் பக்கத்தில் இன்னொரு வெளிறிய உருவம் ஒட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் இந்த டிவியை வைத்திருந்தும் தரையில் உட்கார்ந்து 3டி பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மகளை சோபாவில் என் மடியில் வைத்துப் போட்டேன். இரட்டை போய்விட்டது. ஒவ்வொரு கண்ணாகவும் கேட்டேன், தெளிவாகத் தெரிகிறது என்றாள். ஆனாலும் அந்த ஈ படத்தைப் பற்றிப் படித்த பிறகு மனது கேட்கவில்லை சிஸ்டர், அடுத்த வாரம் சனிக்கிழமை கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.

நல்லதிருக்கட்டும்:

ஒளிக்கற்றை அண்ணா, கண்ணாடி இல்லாத 3டியை நீங்கள் சட்டென்று தள்ளிவிடுகிற மாதிரி இருக்கிறது. நான் பெங்களூரில் ஒரு ஷோரூமில் அந்தச் சாம்சங் ஒடிசி 3டி மானிட்டரை நேரில் பார்த்தேன். கேமரா நம் கண் இருக்கும் இடத்தைப் பார்த்து அதற்கேற்பப் படத்தைத் திருப்பித் தருகிறது. தலையை ஆட்டினால்கூட உடைவதில்லை. இதைப் பெரிதாக்கினால் டிவிதானே? நான் உண்மையாகவே காத்திருக்கிறேன், வீட்டில் வேறு டிவி வாங்கவில்லை.

ஒளிக்கற்றை:

தம்பி, அந்த மானிட்டர் அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் எங்கே என்று சொல்கிறேன்.

சின்ன வயதில் ஒரு பிளாஸ்டிக் சாமி படம் வைத்திருந்திருப்பீர்கள். இப்படிச் சாய்த்தால் பிள்ளையார், அப்படிச் சாய்த்தால் முருகன். நகத்தால் மேலே கீறினால் கரகரவென்று கேட்கும். அந்தக் கரகரப்புதான் லென்ஸ், நீளநீளமாக வரிசையாக நிற்கும் குட்டி லென்ஸ்கள். அவற்றுக்கு அடியில் இரண்டு சாமியும் கீற்றுக் கீற்றாக வெட்டி மாற்றி மாற்றி அச்சாகியிருக்கும், எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கத்துக் கீற்று மட்டும் கண்ணுக்கு வரும். கண்ணாடி இல்லாத 3டி மானிட்டர் பலவற்றில் இருப்பதும் அதே தத்துவம்தான். பிள்ளையாருக்குப் பதில் இடது கண் படம், முருகனுக்குப் பதில் வலது கண் படம். நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே சராசரியாக ஆறரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான தூரம்தான், அந்தத் தூரத்துக்குள் இரண்டு படத்தையும் சரியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கேமரா வைத்து ஒருவர் கண்ணைத் துரத்தினால் முடியும். இரண்டாவது ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் திரை யாரைத் துரத்தும்?

எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றால் பல கோணங்களுக்கும் தனித்தனிப் படம் தர வேண்டும். இதைத் தோஷிபா ஏற்கனவே செய்து பார்த்துவிட்டது, 2011 கடைசியில் ஜப்பானில் 55 அங்குலத்தில் கண்ணாடி இல்லாத டிவியையே விற்றார்கள். உள்ளே இருந்தது 3840 x 2160 புள்ளி உள்ள 4கே பேனல், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். அதை ஒன்பது கோணமாகப் பிரித்தார்கள். அகலத்தில் மூன்றால் வகுத்து, உயரத்தில் மூன்றால் வகுத்தால் 1280 x 720. அதாவது 4கே பேனலுக்குக் காசு கொடுத்துவிட்டு 3டியில் 720 வரிசைப் படம் பார்க்க வேண்டும், அதுவும் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான். தாண்டி நகர்ந்தால் படம் துள்ளும். இன்றைக்கு 8கே பேனலை வைத்து ஒன்பதாக வகுத்தால் 2560 x 1440 வரும், பரவாயில்லைதான், ஆனால் அந்த 8கே பேனலின் விலையை வைத்து ஒரு குடும்பத்துக்கு யோசனை சொல்ல எனக்கு மனது வராது. தனியாக உட்கார்ந்து கேம் ஆடுபவருக்கும் டிசைன் வேலை செய்பவருக்கும் இது இன்றே தயார். கூடத்தில் ஐந்து பேருக்குத் தயார் ஆகவில்லை. சார் கேட்டது அந்தக் கூடத்துக்கு.

மஞ்சள்நகரத்தான் சார், உங்களுக்கு என் யோசனை. டிவி நன்றாக இருக்கிறது, தூக்காதீர்கள். முன்பக்கம் சாய்க்கக்கூடிய சுவர் பிராக்கெட் ஒன்று வாங்கி டிவியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, முடிந்தால் ஒன்றரை அடி கீழே இறக்குங்கள். பெரிதாகப் பார்க்க ஆசை என்றால் உங்கள் பட்ஜெட்டுக்குள் 1080 வரிசை ப்ரொஜெக்டர் வரும், 3டி வசதி உள்ளது இன்னும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு உங்கள் பழைய கண்ணாடி ஆகாது. போலரைஸ்டு ஒளி சாதாரணச் சுவரிலோ வெள்ளைத் திரையிலோ பட்டால் குழம்பிவிடும், அதனால்தான் அந்த முறையில் 3டி ஓட்டும் தியேட்டரில் வெள்ளித் திரை போடுவோம். வீட்டு ப்ரொஜெக்டர் எல்லாம் ஷட்டர் கண்ணாடி, ஐந்து பேருக்கு ஐந்து வாங்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும். டிஎல்பி என்ற ப்ரொஜெக்டர் வகையில் ஒரு நல்ல விஷயம், படத்துக்கு நடுவே நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்ச மின்னலை அனுப்பித்தான் கண்ணாடிக்குத் தாளம் சொல்கிறது, அதனால் டிஎல்பி லிங்க் என்று போட்ட எந்தக் கம்பெனிக் கண்ணாடியும் பொருந்தும். வெளிச்சம் பாதிக்குமேல் குறைந்துவிடும், அறையை நன்றாக இருட்டாக்க வேண்டும். பகலில் வேண்டாம்.

இரவுப்பறவை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். என்னிடம் மெட்டா குவெஸ்ட் 3 இருக்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் திரை, 2064 x 2208 புள்ளி. ஒரு கண்ணின் படம் இன்னொரு கண்ணுக்குக் கசிய வழியே இல்லை, வெளிச்சம் குறைவதும் இல்லை. 3டி படத்தை இதைவிடச் சுத்தமாக நான் எங்கேயும் பார்த்ததில்லை, தியேட்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அரைக்கிலோவுக்கு மேல் எடை, ஒரு மணி நேரத்தில் கன்னம் வலிக்கும். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அந்தக் கம்பெனியே வேண்டாம் என்கிறது, ஆக உங்கள் பாப்பாவுக்கு இப்போதைக்கு இல்லை. முக்கியமாக, நான் எல்லாரும் தூங்கிய பிறகுதான் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் "பார்த்தியா அதை" என்று சொல்ல முடியாது.

சொல்ல வந்தது வேறு. என் போன் ஐபோன் 15 ப்ரோ, அதில் ஸ்பேஷியல் வீடியோ என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கேமராவால் 3டியாகவே பிடிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்ததை இரண்டு நிமிடம் பிடித்தேன். சென்னைக்கு வந்து ஹெட்செட்டில் போட்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடது கைப் பெருவிரலில் சுற்றிய நார் விரலில் இருந்து விலகி நிற்கிறது, ஒவ்வொரு மல்லிகையும் நாருக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று தனித்தனியாக நிற்கிறது, புறங்கையில் நரம்பு மேடாகத் தெரிகிறது. போட்டோவிலும் சாதாரண வீடியோவிலும் அந்தக் கை தட்டையாகத்தான் இருந்தது. பெரிய படங்களுக்காக 3டி வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், இப்போது இதற்காகவே வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த வீடியோவை உங்கள் டிவியிலும் போடலாம், அதைச் சொல்லத்தான் வந்தேன். ஸ்பேஷியல் வீடியோவை இடது வலது பக்கம் பக்கமாக வைத்து மாற்றித் தருகிற ஆப் நிறைய இருக்கிறது. மாற்றிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், டிவியில் செருகினால் முதலில் இரண்டு ஒல்லியான படம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ரிமோட்டில் 3டி பட்டனை அழுத்தி இடம்-வலம் முறையைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் இருப்பது முன்னால் வருவதுபோல வித்தியாசமாகத் தெரிந்தால் இடதும் வலதும் மாறியிருக்கிறது, மெனுவில் மாற்றிவிடலாம்.

மஞ்சள்நகரத்தான்:

ப்ரொஜெக்டரை இப்போதைக்கு ஒத்திப்போட்டுவிட்டேன். பிராக்கெட் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் டிவியைக் கழற்றி ஒன்றேகால் அடி கீழே இறக்கி, கொஞ்சம் சாய்த்தும் மாட்டினோம். பாயை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறோம். இப்போது தரையில் இருந்தும் கிட்டத்தட்ட சுத்தமாகத் தெரிகிறது, மேல் ஓரத்தில் மட்டும் லேசாக நிழல்.

மச்சானிடம் அதே ஐபோன் இருந்ததால் இரவுப்பறவை சொன்னதையும் செய்து பார்த்தோம். மகள் ஊஞ்சல் ஆடுவதை மொட்டைமாடியில் பிடித்தோம். முதலில் போட்டபோது பின்னால் இருந்த தண்ணீர் டேங்க் முன்னால் வந்து நின்று எல்லாருக்கும் கண் சுழன்றது, இடம் வலம் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஊஞ்சல் திரையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தபோது அம்மா கையை முகத்துக்கு நேரே கொண்டுபோனார். ஐந்தாவது ஆளுக்குக் கண்ணாடி இல்லை, நானும் மனைவியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடி இந்த டிவிக்குப் பொருந்துமா ஒளிக்கற்றை சார்?

ஒளிக்கற்றை:

வட்ட போலரைசேஷன் வகைக் கண்ணாடி, அதாவது ஒளி சுழலும் திசையை வைத்துப் பிரிப்பது என்றால் பொருந்தும். ரியல்டி என்ற கம்பெனியின் 3டி முறையில் ஓடும் தியேட்டர்களில் கொடுப்பது அந்த வகைதான். வாங்கும் முன் உங்கள் 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், திறந்திருக்கும் கண்ணின் பக்கம் கறுப்பாகத் தெரிந்து மூடிய கண்ணின் பக்கம் வெளிச்சமாகத் தெரிந்தால் வட்ட வகை. புதிதாக வாங்குவதையும் அதே மாதிரி சோதித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கே ஒரு வரி எழுதுங்கள் சார்.